மேலே ஐஸ், கீழே சூடு: ஒரு டபுள் டோர் ஃப்ரிட்ஜின் 11 நாள் கணக்கு

முன்கதை

வீடு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் இருக்கிறது. எனக்கு அத்தை வீடு. அத்தை, மாமா, நாங்கள் ஆத்தா என்று கூப்பிடுகிற மாமாவின் அம்மா என்று மூன்று பேர்தான் நிரந்தரம். மகன் கோவையில் படிக்கிறான், சனி ஞாயிறு வந்தால் உண்டு. கட்டுத்தரையில் இரண்டு எருமை, பால் சொசைட்டிக்குப் போகிறது. மாமாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இந்தக் கடைசி விஷயம் இல்லாவிட்டால் நான் இதை இவ்வளவு பெரிதாக எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை, தயிர் புளித்தால் மோராக்கிக் குடித்துவிட்டுப் போகிற வீடுதான் அது.

ஃப்ரிட்ஜ் 8 வருடப் பழசு. ஃப்ரீசர் மேலே, பெரிய கதவு கீழே, 250 லிட்டருக்குப் பக்கம், தானாக ஐஸ் கரைத்துக்கொள்ளும் வகை. எலெக்ட்ரானிக் போர்டு கிடையாது, ஐஸ் கரைக்கிற நேரத்தை டைமர் பார்த்துக்கொள்கிற பழைய முறை. ஸ்டெபிலைசர் போட்டிருந்தார்கள். சமையலறை மூலையில், சுவரோடு ஒட்டி, உச்சியில் முறமும் பழைய பேப்பரும் அடுக்கி வைத்திருந்தது.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இல்லை. சூலூர்ப் பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். மீட்டர் பிடிக்கத் தெரியும், கரண்ட் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். கேஸ், குழாய், வெல்டிங் பக்கம் நான் போகவே இல்லை.

முதல் அறிகுறியும் தானாகச் சரியானதும்

மார்ச் 4ஆம் தேதி காலையில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்து கீழ்த்தட்டெல்லாம் ஒட்டியிருந்தது. ராத்திரி வைத்த மாவு ஃப்ரிட்ஜுக்குள் பொங்கக் கூடாது. அத்தை குளிர் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருகிவிட்டார். ஃப்ரீசருக்குள் இருந்த இன்னொரு குமிழையும் சேர்த்துக் கடைசிக்குத் திருகியிருக்கிறார். அங்கேதான் முதல் சிக்கல். இந்த மாடலில் மேலே இருக்கும் குமிழ் குளிரைக் கூட்டுவதில்லை, இருக்கிற குளிர்காற்றில் மேலுக்கு எவ்வளவு, கீழுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. அதைக் கடைசிக்குத் திருகினால் கீழே வருகிற காற்று இன்னும் குறையும். கீழே சூடு என்று இதைத் திருகுகிறவர்கள் நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் திருகியிருக்கிறேன்.

மார்ச் 7ஆம் தேதி காய்ச்சி வைத்த பால் திரிந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கரண்ட் இல்லை. சரி, இதுதான் சாக்கு என்று அத்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இரண்டு கதவையும் திறந்து போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டிருக்கிறார். ஃப்ரிட்ஜ் புதுசு மாதிரி ஓடியது. கீழ்த்தட்டுத் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்தது. துடைத்ததால்தான் சரியானது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கேஸ் ஏற்றியது

மார்ச் 20ஆம் தேதி மறுபடியும் பால் திரிந்தது. இந்த முறை பக்கத்து ஊர் மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். அவர் கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்து, கீழ்ப்பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்து, கேஸ் குறைஞ்சிருக்குதுங்க, பட்டறைக்குக் கொண்டு போகணும் என்றார். மார்ச் 22ஆம் தேதி டெம்போவில் ஏற்றிப் போய், 24ஆம் தேதி கொண்டுவந்து வைத்தார். 3,800 ரூபாய். அன்றைக்குச் சாயங்காலமே நன்றாகக் குளிர்ந்தது, எல்லோருக்கும் திருப்தி.

ஏப்ரல் 4ஆம் தேதி பழைய கதை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கேஸ் போட்டும் நிற்கவில்லை என்றால் கம்ப்ரசர் வீக்காகத்தான் இருக்கும், மாற்ற 7,500 ஆகும் என்றார். அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டார்.

“ஏங் கண்ணு, கீழ வெச்ச பாலு திரிஞ்சு போகுது, மேல ஐஸு மட்டும் கல்லாட்டக் கெடக்குது. கம்ப்ரசர் போயிருந்தா ஐஸு எப்படிக் கண்ணு கட்டும்?”

கேள்வி சரியான கேள்வி. மொத்த வழக்கையும் அத்தை அந்த ஒரு வரியிலேயே முடித்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம், மீதி எல்லாம் அதற்கு ஆதாரம் தேடியதுதான்.

போனில் எடுத்த முடிவு

ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் நல்ல சூடு என்றார். இந்தக் கால ஃப்ரிட்ஜ்களில் முதுகுப் பக்கம் கறுப்புக் கம்பி வலை தெரியாது, சூட்டை வெளியே தள்ளுகிற குழாய் பக்கத் தகடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே சூடு வருகிறது என்றால் கம்ப்ரசர் அமுக்குகிறது, கேஸ் சுற்றுகிறது என்று பொருள். கேஸ் தீர்ந்துபோன ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருக்கும், ஆனால் பக்கச் சுவர் சில்லென்று கிடக்கும், மேலே ஐஸும் ஒழுங்காகக் கட்டாது.

அடுத்து நான் சொன்னது, “என்ன ஆனாலும் ஆஃப் பண்ணாதீங்க அத்தை, ஞாயித்துக்கெழமை நான் வர்ற வரைக்கும் ஓடட்டுங்க.” அத்தைக்கு அது பிடிக்கவில்லை, கரண்ட் வீணாகுதே என்றார். ஆனால் எனக்கு உள்ளே இருப்பதை இருக்கிற நிலையில் பார்க்க வேண்டியிருந்தது. அணைத்துவிட்டால் ஐஸ் கரைந்துவிடும், ஐஸ் கரைந்தால் தடயம் போய்விடும். மார்ச் மாதம் இரண்டு முறையும் அதுதான் நடந்திருந்தது, அது அப்போது எனக்கே முழுசாகப் புரியவில்லை.

அதே ராத்திரி ஒரு தப்பும் நடந்தது, இதை மறைத்து எழுதக் கூடாது. கீழ்ப்பெட்டி சூடாக இருக்கிறதே என்று, யாரோ சொன்னார்களாம், பிரிக்காத இன்சுலின் பாட்டில் ஒன்றை ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். காலையில் உறைந்து கிடந்தது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் போடக் கூடாது. மருந்துக் கடைக்காரரும் அதையே சொல்ல, குப்பைக்குப் போனது. நடப்பில் போட்டுக்கொண்டிருந்த பாட்டிலுக்கு அவ்வளவு பயம் தேவையில்லை, வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை தாங்கும். பங்குனி வெக்கையில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல் போகிறது என்பதால், ஈர மணலில் பதித்த மண்சட்டிக்குள் ஒரு கிண்ணம் வைத்து, அதில் பாட்டிலை உறையோடு வைத்தார்கள்.

காலண்டர் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 6, காலையில் போய்ச் சேர்ந்தேன். அத்தை பால் கணக்கை மாதக் காலண்டரின் கட்டங்களுக்குள் எழுதுகிற ஆள், காலை இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவு என்று பென்சிலில். அதே கட்டங்களில் “மாவு பொங்கிருச்சு”, “பால் திரிஞ்சுது”, “ஃபிரிஜ் போனது”, “ஃபிரிஜ் வந்தது” என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். காப்பி குடித்துக்கொண்டே சும்மா பார்த்தேன். மார்ச் 9ஆம் தேதி போட்டது, 20ஆம் தேதி கெட்டது. 24ஆம் தேதி வந்தது, ஏப்ரல் 4ஆம் தேதி கெட்டது. இரண்டும் 11 நாள்.

ஒரு முறை துடைத்து வைத்தது, மறுமுறை 3,800 ரூபாய்க்குக் கேஸ் போட்டது. இரண்டுக்கும் பலன் ஒரே 11 நாள் என்றால், பலன் கொடுத்தது துடைத்ததும் இல்லை, கேஸும் இல்லை. இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், ஃப்ரிட்ஜ் ஒரு நாளாவது கரண்ட் இல்லாமல் கிடந்தது. உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து 11ஆம் நாள் முழுசாக அடைக்கிறது, அணைத்துவைத்தால் காலியாகிறது. ஃப்ரிட்ஜுக்குள் அப்படி நிறைந்து காலியாகக்கூடியது ஐஸ்தான்.

இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாகிற இடம் ஒன்றே ஒன்று. ஃப்ரீசரின் பின்பக்கப் பலகைக்கு அந்தப் புறம் இருக்கிற அலுமினியக் காயில், அதாவது கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருள். அதன் மேலே ஒரு சின்ன ஃபேன், அது காயில் வழியாகக் காற்றை இழுத்துப் பெரும்பகுதியை ஃப்ரீசருக்குள்ளும், ஒரு பங்கை ஒரு சந்து வழியாகக் கீழ்ப்பெட்டிக்கும் தள்ளுகிறது. கீழ்ப்பெட்டிக்கென்று தனியாகக் குளிர் கிடையாது, மேல்மடைக்குப் பாய்ந்தது போக மிச்சம் வந்தால்தான் கடைமடைக்கு. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகிற ஈரம் காயிலில் பூம்பனியாகப் படியும். அதைக் கரைக்க, மாடலைப் பொறுத்து 6 மணியிலிருந்து 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் இருக்கிற ஹீட்டரைப் போடும். அது நடக்காவிட்டால் பனி நாளுக்கு நாள் தடித்து, காயில் முழுக்க ஒரே பாறையாகி, காற்று போக வழியில்லாமல் போகும். காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஃப்ரீசர் மட்டும் உறைந்துகொண்டே இருக்கும், கீழ்ப்பெட்டி முதலில் சாகும்.

பலகையைத் திறந்தது

திறப்பதற்கு முன் மூன்று விஷயம் பார்த்தேன். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை ராத்திரியே போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன், 14 டிகிரி காட்டியது. 3, 4 டிகிரி இருக்க வேண்டும். காற்றில் வைத்துப் பார்த்தால் கதவைத் திறந்தவுடன் எண் ஏறிவிடும், தண்ணீருக்குள் வைத்தால் உண்மை நிற்கும். கீழ்ப்பெட்டியின் உச்சியில் காற்று வருகிற துவாரத்துக்கு முன் காலண்டர் தாள் ஒரு கீற்றைப் பிடித்தேன், அசையவே இல்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்து, கதவு சுவிட்சை விரலால் அமுக்கிக் கேட்டால் ஃபேன் ஓடுகிறது, ஆனால் எதிலோ உரசுகிற மாதிரி சரசரவென்று சத்தம். பின்பக்கப் பலகையின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி பூத்து வெளியே வந்திருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தெர்மாகோல் பெட்டிக்கும் மாற்றிவிட்டு, ஃப்ரீசர் தட்டை எடுத்து, பலகையின் ஸ்க்ரூ இரண்டையும் கழற்றினேன். பலகை வரவில்லை, பின்னாலிருந்து ஐஸ் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து போய்க் கொடுவாளோடு வந்தார், நெம்பி எடுத்துரலாமே என்று. அவசரமாகத் தடுத்தேன். அந்தக் காயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்து பட்டால் ஓட்டை, அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும். போதாததற்கு லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தது, ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற சாதி. இந்த அளவு ஃப்ரிட்ஜில் ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும் என்றாலும், பூட்டிய சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் அதை விடுகிற வேலை வேண்டாம்.

டேபிள் ஃபேனை ஃப்ரீசரைப் பார்த்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றி, கீழே விரித்த பழைய போர்வையைப் பிழிந்து பிழிந்து இரண்டரை மணி நேரம். கடைசியில் ஐஸ் ஒரு பலகையாக வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. உள்ளங்கை தடிமன். ஒரு பக்கம் வழவழவென்று, மறுபக்கம் காயிலின் தகடுகள் வரிசையாகப் பதிந்து சீப்புப் பல்லாட்டம். இன்னொரு பக்க விளிம்பில் பிறை மாதிரி ஒரு தேய்மானம், ஃபேன் இறக்கை உரசிய இடம். ஆத்தா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத்தனையும் இதுக்குள்ளயா இருந்துச்சு சாமி?” என்றார்.

சோதனையும் என் பிழையும்

காயில் வெளியே தெரிந்த பிறகு வேலை எளிது. ஐஸ் கரைக்கிற வழியில் நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள்: டைமர், தெர்மல் ஃபியூஸ் (சூடு எல்லை மீறினால் ஒரேயடியாக அறுந்துவிடுவது), பைமெட்டல் (சூட்டைப் பார்த்துத் தானாக இணைந்து வெட்டுகிற சுவிட்ச்), ஹீட்டர். இவர்களில் ஒருவர் கை விட்டாலும் ஹீட்டருக்குக் கரண்ட் போகாது.

ஹீட்டரில் 150 வாட் என்று இருந்தது. 230ஐ 230ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் 353 ஓம் வரவேண்டும், மீட்டர் 346 காட்டியது. ஹீட்டர் நல்லது. ஃபியூஸில் மீட்டரை வைத்தேன், கரண்ட் போக வழி இருந்தால் பீப்பென்று கத்த வேண்டும், பீப் இல்லை. 72 டிகிரி என்று அச்சடித்த சின்ன வெள்ளை உருளை, பார்வைக்கு ஒரு கருகலும் கிடையாது, ஆனால் செத்துவிட்டது. பைமெட்டலிலும் வைத்தேன், அதிலும் பீப் இல்லை. “ரெண்டுமே போச்சுங்க மாமா” என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ஞாயிறு, கடை இல்லை. மாமா கேட்டார், ஃபியூஸ் ஒயர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கிவிட்டா ஓடுமா? ஓடும்தான். சில பேர் அப்படியே செய்துவிட்டும் போகிறார்கள். ஆனால் பைமெட்டல் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு விடாமல் போனால், பிளாஸ்டிக் சுவருக்கும் ஃபோமுக்கும் நடுவில் 150 வாட் ஹீட்டர் கேட்பாரில்லாமல் காயும். அந்த ஃபியூஸ் இருப்பதே அதற்காக. ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ் இல்லாமல் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கோபியில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பைமெட்டலை எடுத்து வைத்ததும், பட்டறைப் பழக்கம், பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பீப் இல்லை. “அண்ணா, இதுவும் போன பீஸுங்க, வேற குடுங்க.” அவர் இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் பேசவில்லை. மூன்றாவதை எடுக்காமல் என்னையே பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, அது குளிர்ல ஒட்டும், சூட்டுல விட்டுரும். இந்த வெய்யில்ல எந்தப் பீஸைக் குடுத்தாலும் உங்களுக்குப் போன பீஸுதான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். பைமெட்டல் இருப்பதே, காயில் உறைந்திருக்கும்போது மட்டும் ஹீட்டரைப் போடவிட்டு, ஐஸ் கரைந்து சூடு ஏறியதும் வெட்டிவிடத்தான். பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் அது இணையும், அறைச் சூட்டில் திறந்தே இருப்பதுதான் அதன் ஆரோக்கியம். மோட்டாரைச் சூட்டிலிருந்து காக்கிற தெர்மல் ஓவர்லோடு நூறு பார்த்திருக்கிறேன், எல்லாம் சூட்டில் வெட்டுகிறவை, அறைச் சூட்டில் பீப் கொடுக்கிறவை, அந்தப் பழக்கத்தில் மயங்கிவிட்டேன். ஃபியூஸ் இரண்டு, பைமெட்டல் ஒன்று, மொத்தம் 420 ரூபாய். ஈரம் புகாத ஒயர் மூடியும் சூட்டில் சுருங்குகிற ஸ்லீவும் 30 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பழைய பைமெட்டலை ஒரு கவரில் போட்டு முடிந்து, பக்கத்து வீட்டு ஐஸ் கட்டியும் இரண்டு கைப்பிடிக் கல்லுப்பும் போட்ட டம்ளருக்குள் அமுக்கினேன். வெறும் ஐஸ் பூஜ்யத்திலேயே நின்றுவிடும், உப்புச் சேர்த்தால்தான் அதற்குக் கீழே இறங்கும். நான்கு நிமிஷம் கழித்து மீட்டர் பீப்பென்று கத்த ஆரம்பித்தது. வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் விரலுக்கே தெரிகிற மாதிரி ஒரு டிக், பீப் நின்றது. பழசு நல்ல பீஸ்.

ஆனாலும் புதுசைத்தான் போட்டேன். பழசின் கிளிப் இளகிப்போய், நான் பலகையைத் திறந்தபோதே அது காயில் குழாயை விட்டு விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் தொடாத பைமெட்டலுக்குச் சூடு லேட்டாகத்தான் தெரியும், அதற்குள் ஹீட்டர் கூடுதலாகக் காயும், 72 டிகிரி ஃபியூஸ் போகும். போனது அப்படித்தான் என்பது என் கணிப்பு. புதுசைக் குழாயின் மேல் வளைவில், பழசு இருந்த அதே இடத்தில், அழுத்திக் கவ்வக் கொடுத்தேன். ஒயர் இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் போடவில்லை, அந்த ஈரத்தில் டேப் ஒரு மாதம்கூடத் தாங்காது.

சரிதானா என்று பார்த்தது

ஃப்ரிட்ஜைப் போட்டவுடன் சோதிக்க முடியாது, காயில் குளிர்ந்தால்தான் பைமெட்டல் இணையும். மதியம் போட்டுவிட்டு, பொழுதோட ஆறு மணிக்கு மேல் டைமரின் தண்டை ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கம் மெல்லத் திருப்பினேன். டக் என்றது, கம்ப்ரசர் நின்றது. ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை ஒரு ஒயரில் மட்டும் மாட்டியிருந்தேன், முழு கார்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். 0.6 ஆம்பியரும் சொச்சமும். 150 வாட் ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. கொஞ்ச நேரத்தில் உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தமும், ஹீட்டரில் பட்டுச் சுர்ரென்கிற சத்தமும் கேட்டது. 19ஆவது நிமிஷம் மீட்டர் எண் சட்டென்று கீழே விழுந்தது, பைமெட்டல் வெட்டிவிட்டது. பின்பக்கம் கம்ப்ரசர் மேலே இருக்கிற தட்டில் தண்ணீர் வந்திருந்தது. டைமர் தானாகவே கம்ப்ரசரை மறுபடி போடும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கடைசி பஸ் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அத்தை போனில் டம்ளர் தண்ணீரின் எண்ணைப் படித்தார்: 4.

அப்புறம் நடந்தது

13ஆம் தேதி ஒரு சின்னப் பதற்றம். காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று போன். குளிர் குறையவில்லை. கரைகிற தண்ணீர் வெளியே போகிற குழாயின் வளைவில் நான் சரியாகக் கழுவாத அழுக்கு அடைத்திருக்க வேண்டும், தண்ணீர் பின் தட்டுக்குப் போகாமல் கீழ்ப்பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. மகன் லீவுக்கு வந்திருந்தான். பலகையைக் கழற்றி, அமுக்குகிற பாட்டிலில் வெதுவெதுப்பான சோடா உப்புத் தண்ணீரை அந்தத் துவாரத்தில் பீய்ச்சச் சொன்னேன், மூன்றாவது தடவை கொளக்கென்று இறங்கிவிட்டது.

அத்தை காலண்டரில் 18ஆம் தேதியைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு வைத்திருந்தார், 7ஆம் தேதியிலிருந்து 11 நாள். அன்றைக்கு 4 டிகிரி. 29ஆம் தேதியும் 4. மே மாதம் பேரன் பேத்தி என்று உறவுக் குழந்தைகள் வந்து ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கதவைத் திறந்த வாரத்தில் 6 வரை போய்த் திரும்பியது.

மெக்கானிக்கிடம் மாமா நேரில் போய்ப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். அவர் சண்டைக்கு வரவில்லை. பட்டறைக்கு வந்து திறக்கும்போது காயில் சுத்தமாகத்தானே இருந்துச்சுங்க என்றாராம். உண்மைதான், 22ஆம் தேதி டெம்போவில் ஏறும்போதே ஐஸ் கரைய ஆரம்பித்திருக்கும். அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை, கேஸ்தான் என்று முதலிலேயே முடிவு கட்டிக்கொண்டு வண்டியேற்றினார். மாமா கேட்காமலேயே மெக்கானிக் 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

மறுபடி வந்தால் எப்படிச் செய்வோம்

மேலே ஐஸ் கட்டி, கீழே குளிராத டபுள் டோரை அணைக்காமல் வைத்து, மெக்கானிக்கை வீட்டிலேயே பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்வோம். காயில் முழுக்க ஐஸ் மூடியிருந்தால் கரைக்கிற வழியில் கோளாறு. காயிலின் ஆரம்பத்தில் மட்டும் ஒரு சாண் பனி, மீதி காய்ந்து கிடந்தால் அப்போது கேஸைப் பற்றிப் பேசலாம். பனி மெல்லிசாக, சீராக இருந்து காற்று மட்டும் வரவில்லை என்றால் ஃபேன். இந்த மூன்றையும் அணைத்து ஐஸ் கரைந்த ஃப்ரிட்ஜில் பிரித்துப் பார்க்க முடியாது.

பைமெட்டலை உப்பு ஐஸில் போட்டுப் பார்க்காமல் நான் இனிமேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாயை முதல் நாளே கழுவியிருக்க வேண்டும், அது என் சோம்பேறித்தனம்.

இன்சுலின் இப்போது நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. டப்பா மூடியில் மகன் மார்க்கரில் “ஃப்ரீசர்ல வெக்காதீங்க” என்று எழுதியிருக்கிறான். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை முன்னே இழுத்து, உச்சியில் இருந்த சாமானை இறக்கியாயிற்று. ஃப்ரீசர் குமிழை நடுவில் வைத்து, யாரும் திருகாமல் இருக்க அத்தை அதன் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டார். கதவு ரப்பரின் மடிப்பில் பழைய மாவு காய்ந்து ஒரு மூலையில் இடைவெளி இருந்தது, தாளை வைத்து மூடி இழுத்தால் சும்மா வந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்தபின் தாள் பிடித்துக்கொள்கிறது.

மிச்சமிருக்கும் ஃபியூஸ் ஒன்று ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் ஒரு கவரில் தொங்குகிறது. பழைய பைமெட்டலை நான் எடுத்து வந்துவிட்டேன், பட்டறைக்குப் புதுசாக வந்த பையன்களிடம் மீட்டரோடு கொடுத்து, நல்ல பீஸா போன பீஸா என்று கேட்க.